ஊசி வீட்டில், சாப்பாடு மலையில்

சிஸ்டர் பதில்கள்

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, என் அம்மாவுக்கு வயது 56. கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் கம்பம் மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ஐந்து மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பினால், தூக்குவாளிச் சோற்றை ஒன்பதரைக்குத்தான் திறக்க முடியும். ஆவணியில் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். ஐப்பசியில் கால் புண் சீழ் வைத்தது. இரண்டு முறையும் மருத்துவமனையில் சேர்த்தோம். கூலி போனதோடு கடனும் வந்துவிட்டது. வேலையை நிறுத்தச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், மகளே. சரிவில் ஏறி இறங்கிக் காய் எடுக்கும் உழைப்பு சர்க்கரைக்கு நல்லதுதான். ஆபத்து, ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே இருக்கும் அந்த நான்கரை மணி நேரத்தில் இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் கொடுக்கும் கலவை இன்சுலின், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடவேண்டியது. அம்மா சாப்பிட்டாரா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கிவிடும். வெறும் வயிறு, மலையேற்றம், உடலில் இன்சுலின் மூன்றும் சேர்ந்தால் மயக்கம் வரத்தான் செய்யும். அதனால் ஐந்து மணிக்கு ஊசி போட்டால் ஐந்தரைக்குள் இரண்டு மூன்று இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறவேண்டும். அந்த நேரத்தில் சாப்பாடு இறங்காது என்றால், ஊசியைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் ஒன்பது மணிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். திறந்த இன்சுலின் அதிகச் சூடு படாமல் இருந்தால் ஏறத்தாழ 28 நாள் வெளியில் தாங்கும். வெயில் விழும் ஜீப்பின் முன்பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. பறிப்புக் காலத்துக்கும் வேலையில்லாத மாதங்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரைச் சீட்டிலும் ஏலத்தோட்டம் எழுதியிருக்காது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஒருமுறை மயங்கியதால் பயந்து ஊசியையே நிறுத்திவிடும் குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் - இவை வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். சர்க்கரை பார்க்கும் கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். கருவி கையில் இல்லையென்றால் சோதிப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு, தெளிந்ததும் சாப்பாடு. கப்பைக்கிழங்கும் பிஸ்கட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, மெதுவாகத்தான் ஏறும். ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் மடியில் இருக்கட்டும். கூட வேலை செய்யும் பெண்களுக்கும் கங்காணிக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நினைவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி கால். நெடுநாள் சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தால், ஈர பூட்ஸ் உராய்ந்து தோல் உரிந்தாலும் வலி தெரியாது. வலிக்காததால் சின்னப் புண் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வலிக்காத புண்தான் அதிகப் பயம். தினமும் இரவில் நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள். பூட்ஸைத் தட்டி உதறிவிட்டுப் போடவேண்டும். மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி உலர்ந்த பருத்திக் காலுறையைக் கொடுத்தனுப்புங்கள். அட்டை கடித்தால் சுண்ணாம்பும் நெருப்பும் வேண்டாம். மரத்த காலில் சுட்டுக்கொண்டாலும் தெரியாது. நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கால்வலிக்கு வெந்நீர் வைத்தால் சூட்டை உங்கள் கையால் பாருங்கள். புண்ணில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாதீர்கள். சிவப்பு, வீக்கம், நாற்றம், கருமை - எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஒருநாள் கூலி போகட்டும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஆண்டுக்கொருமுறை கண், சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றையும் விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அம்மா பகலில் மலையில் இருப்பதால், உங்களிடம் கொடுக்கும்படி அந்த ஊழியரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்கால் சாப்பாடு இறங்காத நாளில் இன்சுலினை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், குமுளி

பதில்: நீங்களாக முழுவதும் நிறுத்தாதீர்கள், ஐயா. காய்ச்சலும் தொற்றும், சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை ஏற்றும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதியுங்கள். கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஊசியின் அளவை மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவரானால் அதையும் சொல்லுங்கள். உடலில் நீர் வற்றும்போது அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டியிருக்கும். வாந்தி நிற்காமல், மூச்சு வேகமாக வாங்கி, தூக்கக் கலக்கமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மலையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எது அருகில் இருக்கிறதோ அந்த மருத்துவமனைக்கு மருந்துச் சீட்டோடு போய்ச் சேருங்கள்.