மகரக்கட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபா தொடங்கி நூறாண்டு ஆகிவிட்டது. அவர்கள் போட்ட நாடகங்களின் பட்டியல் எங்காவது கிடைக்குமா? சினிமா வந்ததால்தானே அந்தக் கம்பெனிகள் அழிந்தன? ஆறேழு வயதிலேயே மேடையேறிய பையன்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு குருகுலம் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியலுக்கு, அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படியுங்கள். நான் போட்டுத் தரப்போவதில்லை.

சினிமா கொன்றது என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. சபா 1925-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. தமிழ்ப் பேசும்படம் 1931-லேயே வந்துவிட்டது. ‘ஔவையார்’ மேடையேறியது 1942-ல். ஈரோட்டில் நாடகக் கலைக்கென்றே மாநாடு கூட்டினார்கள், 1944-ல். ‘இராஜராஜ சோழன்’ 1955. செத்த கம்பெனி கால் நூற்றாண்டு இப்படி ஓடியாடி வேலை செய்யுமா? சரி, விடுங்கள்.

‘கொடுத்து வைத்தவர்கள்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக நானும் அந்தப் பையன்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில், பையன்களே நடிக்கும் பாலர் சபை தொடங்கினார். ஏன் பையன்கள்? வளர்ந்த நடிகர்கள் வாத்தியார் சொல்லுக்கு அடங்கவில்லை. பையன் அடங்குவான். இன்னொன்று, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். உச்ச சுருதியில் பிசிறில்லாமல் நிற்கும் குரல் சிறுவனுக்கு உண்டு. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் அது உடையும். கம்பெனிக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட இந்த மாதிரி சபைகளில் எல்லாப் பையனும் பயந்த சொல் அது. உங்கள் குருகுலத்தில் அதற்கு என்ன ஏற்பாடு?

என் பாட்டியின் தம்பி ஒரு பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷக்காரர். கம்பெனியின் பெயர் வேண்டாம். எட்டு வயதில் கொண்டுபோய் விட்டார்கள். பாடம் தப்பினால் பிரம்பு. ஒவ்வொரு பையனும் தன் வேஷத்தோடு மொத்த நாடகத்தையும் நெட்டுருப் போட்டாக வேண்டும், ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் கட்ட வேண்டுமே. அரிச்சந்திராவில் இவர் சந்திரமதி. ஒரு ராத்திரி மயான காண்டத்தில், செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ‘மகனே’ என்று மேலே எடுத்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. கொட்டகையே சிரித்ததாம். மடியில் கிடந்த பிணமும் சிரித்ததாம்.

மறுநாள் சேலை வேறொரு பையனுக்குப் போனது. இவரைப் படுதா இழுக்கப் போட்டார்கள், அப்புறம் சமையல்கட்டு. ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கும் அனுப்பவில்லை. பாடம் படிக்கும் அளவுக்குத்தான் எழுத்து சொல்லித் தந்திருந்தார்கள், கணக்கு கிடையாது. கடைசிவரை மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். சில்லறை எண்ணுவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

தன் பாலர் சபையில் இருந்த ஆறு வயதுச் சண்முகத்துக்காகச் சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பார்கள். நீங்கள் பொறாமைப்படுவது அந்தப் பையனைப் பார்த்து. படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் அது ஒரு பையன். ஒப்பனை கலைந்ததும் பாய் விரிக்க இடம் தேடிய மற்றவர்களைக் கணக்கில் எடுக்காமல் குருகுலம் கட்டாதீர்கள். அதுவும் ஊரார் பிள்ளைகளை வைத்து.

சண்முகம் முப்பது வயதில் ஔவைக் கிழவியாக வந்தார். ஊர் அவரை ஔவை சண்முகம் என்றே ஆக்கிவிட்டது. சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். உடைந்த ஆண் குரலும் பொருந்துகிற பெண் வேஷம் ஒன்று இருந்திருக்கிறதே! சின்னத் தாத்தாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அவர்மீது கம்பெனி விட்டுப்போன நல்லதும் உண்டு. அந்த ழகரத்தை நான் வேறு எவர் வாயிலும் கேட்டதில்லை. எண்பது வயதில், கரண்ட் போன ராத்திரிகளில் எங்களுக்காக அரிச்சந்திராவை முழுசாக நடத்துவார். விசுவாமித்திரர், காலகண்டன், கட்டியக்காரன், எல்லாக் குரலும் வரும். மயானத்தில் சந்திரமதி பாட வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, வாயாலேயே ஆர்மோனியத்தை மட்டும் வாசிப்பார். பாட்டு முடிகிற நேரம்வரை வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். பாடுங்க தாத்தா என்று நாங்கள் நச்சரித்தால், “அது வேற பையன் பாட்டுடா” என்பார்.