கொடிக்கால் வரை

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டியில் அப்பா மைக்செட் கடை வைத்திருக்கிறார். எனக்குத் திரைப்பட ஒலிக்கலவைதான் கனவு. அப்பாவோடு குழாய் கட்டித் திரிந்து வாழ்க்கையைத் தொலைக்க மனமில்லை. ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டிபோல் ஆக வேண்டும், தியேட்டரில் நெஞ்சு அதிர வேண்டும். எங்கே படிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒலிக்கென்றே பட்டப்படிப்பு உண்டு, விண்ணப்பியுங்கள். 2009ஆம் ஆண்டு ஆஸ்கர் மூவருக்குச் சேர்ந்தது. அதில் ரசூலின் பங்கு படப்பிடிப்புத் தளத்தில் செய்த ஒலிப்பதிவு. அதுவும் நீங்கள் கனவு காணும் ஒலிக்கலவையும் வேறு வேறு வேலைகள். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

'குழாய் கட்டித் திரிந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களைப் படிக்கவைத்த தொழிலைப் பற்றி எழுதும் முறையா இது?

தொலைக்காட்சித் தொடர்களுக்கு நான் ஒலி கலந்த காலத்தில் ஒரு முறை சோழவந்தானுக்குப் போயிருந்தேன். அம்மா என் தொடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரிமோட். யாராவது பேசினால் ஒலியைக் கூட்டுகிறார்; இசை எழுந்தால் பதறிக் குறைக்கிறார். அரை மணி நேரமும் இப்படியே. நான் ஸ்டுடியோவில் செய்திருக்க வேண்டிய வேலையை எழுபது வயதில் அவர் செய்துகொண்டிருந்தார். அளவுமானியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மானி மொத்தச் சத்தத்தைத்தான் அளக்கும். சொல் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது.

மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் 4000 வரையில் இருக்கிறது. வயலினும் நாதஸ்வரமும் அங்கேதான் வந்து அமர்கின்றன. ஸ்டுடியோவின் பெரிய ஒலிபெருக்கிகளில் இந்த நெரிசல் தெரியாது. வீட்டில், சுவரைப் பார்த்திருக்கும் டிவியின் சிறிய ஒலிபெருக்கியில் 'வந்தான்' எது, 'தந்தான்' எது என்று குழம்பும். வசனத்தைக் கூட்டிப் பயனில்லை. இசையை அந்த இடத்தில் மட்டும் சற்று ஒதுக்க வேண்டும். இயக்குநர் கோபிப்பார், இசையமைப்பாளர் கோபிப்பார். ஒதுக்கத்தான் வேண்டும். நெஞ்சை அதிரவைக்க யாராலும் முடியும், தம்பி.

என் சிறுவயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் கதை வசன ரெக்கார்டு போடுவார்கள். அடித்தொனியே வராத தகரக் குழாய்தான். மைக்செட்காரர் ரெக்கார்டை ஓடவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெற்றிலைக் கொடிக்கால் வரை போவார். அங்கே நின்று காதைக் கொடுப்பார். திரும்பி வந்து குழாயின் முகத்தைச் சற்றுத் திருப்புவார், திருகைக் குறைப்பார். ஆம், பெரும்பாலும் குறைக்கத்தான் செய்வார். மறுபடி சைக்கிள். கொடிக்காலில் இலை கிள்ளுகிறவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

வருகிற திருவிழாவுக்கு அப்பாவோடு போங்கள். குழாயை ஏன் அந்தத் திசையில் கட்டுகிறார் என்று கேளுங்கள். பிறகு ஊர் எல்லைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு, எந்தச் சொல் புரியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் எதைக் குறைக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.