பட்டறை பதில்கள்: மிலிட்டரி ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

(ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. படைப்பிரிவின் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர், ஓய்வுக்குப் பிறகு கோவையில் பழைய ராணுவ வண்டிகளுக்கென்றே ஷெட் நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

தாத்தா வாங்கிய ஜீப் ஒன்று எங்கள் காப்பித் தோட்டத்தில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி என்கிறார் அப்பா. எப்படி உறுதி செய்வது?
– ஏற்காடு வாசகர்

முதலில் கிரில்லில் உள்ள நெடுக்குத் துளைகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால வண்டி. ஏழு என்றால் போர் முடிந்தபின் பொதுமக்களுக்காக வந்தது. அடுத்து ஹெட்லைட். ராணுவ ஜீப்பில் அது சிறியதாக, கிரில்லுக்கு உள்ளே பதுங்கியிருக்கும். மறையைத் தளர்த்தி அப்படியே பின்னால் புரட்டினால் வெளிச்சம் எஞ்சின்மேல் விழும். நடுராத்திரியில் ரிப்பேர் பார்ப்பவனை நினைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த வண்டிமேல் மரியாதை. பின்பலகை திறந்து மூடுகிறதா? அப்படியானால் அது ராணுவ பாடி அல்ல. பானெட் உயர்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தால் அது போருக்குப் பின் வந்த சி.ஜே.3பி மாடல், பெரும்பாலும் நம் மகிந்திரா தயாரித்தது.

ஒன்பது துளை இருந்தால் அடுத்த கேள்வி, வில்லிஸா ஃபோர்டா என்பது. 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், தகட்டை மடித்த சட்டமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று அடித்திருப்பார்.

ஆனால் தோட்டத்து வண்டிகளில் எல்லாம் கலந்துதான் இருக்கும். சேஸிஸ் ஃபோர்டு, எஞ்சின் வில்லிஸ், பாடி நம்மூர் டிங்கர் வளைத்த தகடு. இதற்காக வருத்தப்பட வேண்டாம். இத்தனை வருடம் உரமூட்டை சுமந்த வண்டி வேறு எப்படி இருக்கும்? சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள். அது பொருந்தாவிட்டால்தான் தலைவலி.

மிலிட்டரி பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் வரைய ஆசை. எந்த பெயின்ட் வாங்கலாம்?
– திருப்பூர் வாசகர்

பச்சை டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது என்கிறது. 'ஊரில் நாலு பேர் அடித்திருக்கிறார்களே' என்பீர்கள். அந்த நாலு பேரையும் என்றாவது செக்போஸ்டில் நிறுத்துவார்கள். மங்கலான மணல் நிறம் அடித்துப் பாருங்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் ஜீப்புகள் அந்த நிறத்தில் ஓடியவைதான், சரித்திரமும் கெடாது. நிற மாற்றத்தை ஆர்.சி.யிலும் ஏற்றிவிடுங்கள். பொம்மைத் துப்பாக்கி மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் அணைந்துவிடுகிறது, அரைமணி கழித்துத்தான் கிளம்புகிறது. மூன்று மெக்கானிக்குகளும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள்.
– திருச்சி வாசகர்

கார்புரேட்டர் பாவம், அதை விடுங்கள். பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியைத் தள்ளமுடியாமல் திணறுகிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் இந்தத் தொல்லை கூடும். அடுத்த தடவை நின்றால் பம்ப்மேல் ஈரத்துணி போடுங்கள். உடனே கிளம்பினால் நோய் இதுதான். பைப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்துத் தள்ளி வையுங்கள்.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும். பம்புக்குள் இருக்கும் பழைய ரப்பர் சவ்வான டயஃப்ரம், கார்க் கேஸ்கட், ஹோஸ் எல்லாவற்றையும் அரிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். இந்த ஜீப்பில் டேங்க் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில். கசிந்தால் நீங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள். எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமும் ஹோஸும் வாங்கி மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். அதைவிட நல்லது, வாரம் ஒருமுறை சூடேறும்வரை ஓட்டுவது. என் ஷெட்டுக்கு வருவதில் ஓடித் தேய்ந்த வண்டி குறைவு, நின்று கெட்டதுதான் அதிகம்.

செல்ஃப் இழுக்கவே மாட்டேன் என்கிறது. புது பேட்டரி போட்டும் பலனில்லை.
– சேலம் வாசகர்

உங்கள் வண்டி 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைப்போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கார் கேபிளைப் போட்டால் சூடாகுமே தவிர இழுக்காது. தடித்த கேபிள் போடுங்கள். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிய முடுக்குங்கள்.

பஞ்சர் கடைக்காரர் என் ஜீப் வீலைத் தொடவே பயப்படுகிறார். ஏன்?
– ஒரத்தநாடு வாசகர்

விவரம் தெரிந்தவர், அவரை விட்டுவிடாதீர்கள். இரண்டு பாதிகளை நட்டுகளால் சேர்த்த ரிம் அது. காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு பறக்கும், ஆளைக் கொல்லும். வால்வு ஊசியைப் பிடுங்கி, காற்று முழுக்க இறங்கியபிறகுதான் ஸ்பானர் வைக்க வேண்டும். அச்சில் மாட்டும் நட்டு வேறு, ரிம்மைச் சேர்க்கும் நட்டு வேறு. பின்னதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வையுங்கள்.

ஜீப் வாங்கலாமா, ஜோங்கா வாங்கலாமா?
– மதுரை வாசகர்

ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் செய்த ராணுவ வண்டியான ஜோங்காவை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், யானை பலம். மைலேஜ் கேட்காதீர்கள். முதல் வண்டி என்றால் ஜீப். சாமான் கிடைக்கும், நீங்களே தள்ளலாம்.

'வி.ஏ.' நம்பர் வாங்கினால் லாபமா?
– காரைக்குடி வாசகர்

முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு, அதாவது நீங்கள் கேட்கும் 'வி.ஏ.' நம்பர், கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் மார்க்கெட் போக ஆசைப்படுபவர் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கணவர் ஜீப்புக்கு அடியில்தான் கிடக்கிறார். இதில் எனக்கு என்ன இருக்கிறது?
– குன்னூர் வாசகி

அவரை வெளியே இழுத்துவிட்டு நீங்கள் ஸ்டியரிங்கில் உட்காருங்கள். இடது கைப்பக்க ஸ்டியரிங், மூன்றே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி நன்றாக நின்றபிறகு போட்டால் சத்தம் வராது. காய்ந்த தார்ரோட்டில் ஃபோர் வீலைப் போடாதீர்கள்; திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் கியர்கள் இறுகிப் பிடிக்கும். டிரம் பிரேக் என்பதால் மலை இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், ஐம்பதைத் தாண்ட வேண்டாம். முன்கண்ணாடியைப் பானெட்மேல் மடக்கிப் போடலாம், ஆனால் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பூச்சிகள் பெரியவை. அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கைப்பிடி இருக்கிறது.