சிறு ஜோடி வந்தால் தொடரலாமா?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆட்டத்தில் கையில் வரும் இரண்டு சீட்டுகளும் 2-2 முதல் 6-6 வரையிலான ஜோடியாக இருந்தால், யார் எவ்வளவு ரெய்ஸ் செய்தாலும் (பந்தயத்தை உயர்த்தினாலும்) கால் செய்துவிடுகிறேன் (அதே தொகையைக் கட்டிவிடுகிறேன்). சிப்புகள் (பந்தய வில்லைகள்) கரைந்துகொண்டே போகின்றன. எப்போது ஆடலாம், எப்போது விட்டுவிட வேண்டும்?

பதில்: ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில்) உங்கள் ஜோடிக்கு அதே எண்ணின் மூன்றாவது சீட்டு சேர்ந்து செட் அமைய ஏறத்தாழ 12 சதவீத வாய்ப்புதான் உண்டு, அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. மற்ற நேரங்களில் மேசையில் உங்கள் ஜோடியைவிடப் பெரிய சீட்டுகள் விழுந்து கிடக்கும். எனவே செட் அமையும் அந்த ஒரு முறை, முந்தைய நஷ்டங்களையெல்லாம் ஈடுகட்ட வேண்டும். அதற்கு எதிராளியிடம் போதிய சிப்புகள் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 1, 2 சிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 6 சிப்புகளுக்கு ரெய்ஸ் செய்கிறார், உங்களிடம் 5-5. உங்கள் முன்னால் 200 சிப்புகள் இருந்தாலும் அவரிடம் மொத்தம் 60தான் என்றால், விட்டுவிடுங்கள். அவரிடம் இருப்பதற்கு மேல் ஒரு சிப்பும் உங்களுக்குக் கிடைக்காது. செட் அமைந்தாலும் அவர் ஒவ்வொரு முறையும் முழுத் தொகையையும் கொடுத்துவிடப் போவதில்லை. சில முறை உங்கள் செட்டே தோற்கும். ஆகவே இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் சிப்புகள், கால் செய்யும் தொகையைப்போல் 15 முதல் 20 மடங்காவது இருக்க வேண்டும். இங்கே அது 90 முதல் 120. மறு ரெய்ஸ் வந்தால் இந்தக் கணக்கு அநேகமாக நிறைவேறாது. தயங்காமல் ஃபோல்ட் செய்யுங்கள் (சீட்டுகளை விட்டுவிடுங்கள்).

ரெய்ஸ் செய்தவர் யார் என்பதும் முக்கியம். நிதானமாக ஆடுபவர் முன்வரிசையிலிருந்து (முதலில் ஆட வேண்டிய இடங்களிலிருந்து) ரெய்ஸ் செய்தால் அவரிடம் ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இருக்கக்கூடும். அதை எளிதில் விடமாட்டார், உங்கள் செட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். கடைசி இடத்திலிருந்து எதை வைத்தும் ரெய்ஸ் செய்பவரோ, ஃப்ளாப்பில் உங்கள் முதல் பந்தயத்துக்கே ஒதுங்கிவிடுவார். பலர் கால் செய்திருந்தால் உங்களுக்குச் சாதகம். கடைசியாக ஆடும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

டோர்னமென்டில் உங்களிடம் பிக் பிளைண்டைப்போல் (இரு பிளைண்டுகளில் பெரியது) 10 மடங்குக்கும் குறைவான சிப்புகள் இருக்கும்போது செட்டுக்காகக் காத்திருக்க முடியாது. உங்களுக்கு முன் எல்லோரும் விட்டிருந்து, உங்களுக்குப் பின் சிலரே மிச்சம் என்றால் ஆல் இன் சொல்லுங்கள் (எல்லா சிப்புகளையும் பந்தயம் வையுங்கள்). பல நேரம் அவர்களும் விட்டுவிடுவார்கள். ஏஸ்-ராஜாவோடு ஒருவர் கால் செய்தால்கூட 2-2க்குப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. அதே 2-2ஐ வைத்துக்கொண்டு இன்னொருவரின் ஆல் இன்னுக்குக் கால் செய்ய அவசரப்படாதீர்கள். அவரை விலகச் செய்யும் வழி அப்போது உங்களிடம் இல்லை. அவரிடம் பெரிய ஜோடி இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூடத் தேறாது.