மானிட்டர் திரையில் வெண்திட்டு: முதலில் செய்ய வேண்டியது

வணக்கம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தைத் திரையில் நேரடியாகத் தெளித்துத் துடைத்தபின் நடுவில் வெண்திட்டு தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் படிவாகவும் இருக்கலாம் என்பதால் மனம் தளர வேண்டாம். மானிட்டரை அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்து, திரை ஆறிய பின், காய்ச்சி வடித்த நீரில் மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை மட்டும் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, அழுத்தாமல் துடைத்து, உலர்ந்த பகுதியால் உடனே ஒற்றி எடுங்கள். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் காய்ந்ததும் புள்ளிகளாக நின்றுவிடும். இரண்டு முறை துடைத்தும், விளக்கொளியில் சாய்வாகப் பார்க்கையில் திட்டின் விளிம்பு அப்படியே இருந்தால், கண்கூச்சம் தடுக்கும் மேற்பூச்சு அரிக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மேலும் தேய்க்காதீர்கள், திட்டு பெரிதாகும். இனி எதையும் துணியில்தான் தெளியுங்கள். திரையில் வழியும் துளி கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கி மின்சுற்றைக் கெடுத்துவிடக்கூடும்.