வேலூர் போன்ற ஊர்களில் இருந்த உள்ளூர் டிவி ஸ்டூடியோக்கள் ஏன் காணாமல் போயின? யூடியூபும் செல்போனும் வந்ததால்தானே?

யூடியூபும் செல்போனும் வந்ததால்தானே என்று பதிலையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். அதில் பாதிதான் சரி. 1997 முதல் 2018 வரை வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் கேமராவும் எடிட்டிங்குமாகப் பிழைத்தவன் நான். செல்போன் வந்து தள்ளிவிடுவதற்கு முன்பே எங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்த பிறகு தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் ஓடியது. மொட்டை மாடியில் டிஷ், கீழே ஓர் அறையில் ரிசீவரும் மாடுலேட்டரும் (படத்தைக் கேபிள் ஒயரில் ஒரு சேனலாக ஏற்றும் பெட்டி) அடுக்கி வைத்தால் அதுதான் கண்ட்ரோல் ரூம். ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர். கூடுதலாக ஒன்று வாங்கி அதில் வீடியோ டெக்கைச் சொருகிவிட்டால் ஊருக்கென்று ஒரு சேனல் தயார். 1995-ல் வந்த சட்டப்படி அப்போது ஆபரேட்டர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மேல் எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை) ஊர்வலம் என்றால் காலையில் படம்பிடித்து, வெட்டி ஒட்டி, கேசட்டை டிவிஎஸ் 50-ல் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கு ஓடுவோம். ராத்திரி ஊரே பார்க்கும். சித்ரா பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு. கூட்டத்தில் தன் முகம் தெரிந்ததா என்று மறுநாள் டீக்கடையில் விசாரிப்பார்கள்.

இதில் காசு இல்லை. அடியில் ஓடும் எழுத்து விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி இவற்றில் வருவது டீசலுக்கும் டீக்கும் சரியாகிவிடும். வாடகை கொடுத்தது கல்யாண வீடியோ. சேனல் எங்களுக்குக் கடை வாசலில் மாட்டிய பலகை மாதிரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரும். ஆடி மாதம் பிறந்தால் மற்ற ஊர் ஸ்டூடியோக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். எங்களுக்கு ஆம்பூர், வாணியம்பாடி இருந்தன (இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 2019 வரை எங்கள் மாவட்டம்). அங்கே நிக்காஹ்வுக்கு ஆடி தடையில்லை. தோல் வியாபாரிகள் வீட்டுக் கல்யாணங்களில் நான் கற்றுக்கொண்ட உருதுதான் இன்றும் எனக்குத் தெரிந்த உருது.

அந்த வேலையின் பாடு இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியாது. இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர். ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிவு செய்ய வேண்டும்; இடையில் ஒரு நொடி தவறினால் அந்த இடத்திலிருந்து மறுபடியும் எல்லாம். அந்தக் கால விஎச்எஸ் கேசட்டில் சிவப்பு நிற்காது. நகலுக்கு நகல் எடுத்தால் மணப்பெண்ணின் கூரைப்புடவைச் சிவப்பு கரையைத் தாண்டிப் பக்கத்தில் நிற்கும் மாமியார் மேல் வழியும். அதற்காக ஒரு வீட்டில் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மினி டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் ஒரு மணி நேரத்தை உள்ளே ஏற்றினால் 13 ஜிபி. எங்களிடம் இருந்ததோ 40 ஜிபி டிஸ்க். நான்கு கேசட் கல்யாணம் அதில் அடங்காது. மாப்பிள்ளை அழைப்பை முடித்துக் கொடுத்து, அழித்துவிட்டு, அதன் பிறகுதான் தாலி கட்டுவோம்.

வருமானம் நன்றாக இருந்த அந்தக் காலத்திலேயே விழத் தொடங்கியிருந்தோம். 2008-லிருந்து மின்வெட்டு, 2012-ல் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. வெட்டி ஒட்டியதைக் கம்ப்யூட்டர் முழுப் படமாக்கித் தரும் ரெண்டரிங்கை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும். ஜெனரேட்டர் டீசல் கல்யாணக் காசைத் தின்றது.

ஆனால் உண்மையான அடி, சிக்னல் புறப்படும் இடம் மாறியதுதான். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் தொடங்கப்பட்டு 2008-ல் தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி, வேலூர் என நான்கு இடங்களில் கட்டுப்பாட்டு அறை வைத்தது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான், அதில் குறையில்லை. 2017-ல் அதற்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து செட்டாப் பாக்ஸ்கள் வீடு வீடாக வந்தன; தனியார் நிறுவனங்களும் அதே வழிக்கு வந்துவிட்டிருந்தன. பழைய ஒயரில் நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஒரு மாடுலேட்டரைச் சேர்க்கலாம். டிஜிட்டலில் முடியாது. பெரிய கட்டுப்பாட்டு அறையில் சுருக்கி, பூட்டி அனுப்புவதை மட்டுமே பாக்ஸ் திறந்து காட்டும். தெருமுனை ஆபரேட்டரின் அறை வெறும் ஒயர் பிரிக்கும் இடமாகிவிட்டது. எங்கள் சேனலை ஏற்ற ஒரு நிறுவனம் கேட்ட ஆண்டுக் கட்டணம், நாங்கள் மூன்று ஆண்டுகளில் எழுத்து விளம்பரத்தில் பார்த்த பணத்தைவிட அதிகம். ஏற்றவில்லை. பலகை இறங்கியதும் கல்யாண ஆர்டரும் மெதுவாக நகர்ந்துவிட்டது. பிறகு வந்ததுதான் நீங்கள் சொல்லும் செல்போன்.

இப்போது பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் மாற்றித் தருகிறேன். பூஞ்சை பிடித்த நாடாவை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டும். கல்யாணக் கேசட்டுகள் நிறைய வருகின்றன, வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்திருக்கின்றன. போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். 1999 சிரசு ஊர்வலத்தில் அவருடைய அப்பா பம்பை அடித்ததை எங்கள் சேனலில் காட்டினோமாம். அது கிடைக்குமா என்று கேட்டார். கேசட் விலைக்குப் பயந்து ஒவ்வொரு திருவிழாவையும் அடுத்த திருவிழாவின் மேலேயே பதிவு செய்துகொண்டிருந்தோம். அந்தக் கேசட் அலமாரியில்தான் இருந்தது, போட்டும் காட்டினேன். அதில் 2003-ஆம் ஆண்டு ஊர்வலம் ஓடியது.