மாத்திரை போட்டால் சாப்பாடு இறங்கவில்லையே?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறும், அடங்காத துறுதுறுப்புப் பிரச்சினை). தினமும் காலையில் மெத்தில்ஃபெனிடேட் எஸ்.ஆர். (மெதுவாக வெளிவரும் ரகம்) 10 மி.கி. கொடுக்கிறோம். வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறான். ஆனால் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. சாயங்காலம் வீடே ரெண்டுபடுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரை கொடு என்கிறார் மாமியார்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். பசி குறைவது இந்த மருந்தின் வழக்கமான பக்கவிளைவு. முதலில் வயிறு நிறைய இட்லி, முட்டை; அதன் பிறகு மாத்திரை. மதியம் ரெண்டு வாய் தயிர்சாதம் போனாலே போதும், திட்டாதீர்கள். மருந்தின் வேகம் இறங்கியதும் பசி திரும்பும். அப்போது ஒரு முழுச் சாப்பாடு, இரவு இன்னொன்று. மாதம் ஒருமுறை ஒரே மெஷினில் எடை பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம். எடை இறங்கினால் அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள்; நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் அவர் பார்ப்பார்.

சாயங்கால ரகளைக்கும் பெரும்பாலும் மருந்தின் வேகம் இறங்குவதுதான் காரணம். எஸ்.ஆர். ரகம் சுமார் எட்டு மணி நேரம் வேலை செய்யும். சரியாக வேகம் இறங்கும் நேரத்தில் டியூஷன் வைத்தால் யுத்தம்தான்! சாப்பிட்டு, ஓடி விளையாடிவிட்டு வரட்டும், ஹோம்வொர்க் பிறகு. அப்படியும் அடங்காவிட்டால் ரகத்தையோ அளவையோ டாக்டர் மாற்றுவார். நீங்களாகச் சாயங்காலம் ஒரு மாத்திரை கூட்டினால் ராத்தூக்கம் போய்விடும். தேனில் பொடித்துக் கலக்கவும் கூடாது, எட்டு மணி நேர மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடம்பில் கலந்துவிடும்.

வல்லாரையைத் துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். மாத்திரைக்கு அது மாற்று என்பதற்கு ஆதாரம் இல்லை.

மாத்திரை அவனை உட்கார வைக்கும்; நோட்டைப் பையில் எடுத்து வைக்கப் பழக்காது. ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்த அன்றே ஸ்டார், அன்றே சின்னப் பரிசு. 'முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்' என்பது இந்தக் குழந்தைகளிடம் எடுபடாது, அவ்வளவு தூரம் அவர்களால் காத்திருக்க முடியாது.

கேள்வி: நாலு வயது மகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மாத்திரை தேவையா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆறு வயதுக்குள் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கும் முன்னால் காது கேட்கும் திறனையும் தூக்கத்தையும் சோதியுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ காட்டலாம். போனில் தமிழில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.